வெள்ளையிலும் எத்தனையோ வெள்ளை



ஸ்கூல் தொடங்க இன்னும் சில நாட்கள்தான். ஊரில் தையல் மெசின் இருக்கிற வீடுகளிலெல்லாம் இப்போது வெள்ளைத் துணி குவிந்து கிடக்கும். இந்த நாட்களில் எனக்கு வருகிற கோல்களில் பாதி பாடத்தைப் பற்றியதல்ல. "டீச்சர், இந்த வெள்ளைக்கு அந்த வெள்ளை சேருமா?" என்பதுதான். மனைப்பொருளியல் படிப்பிக்கிறவள் என்பதால் நிறம் பார்த்துச் சொல்வதும் என் வேலை என்று ஊர் முடிவு செய்துவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இந்த முறை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் நீளம். தைக்கிறவர்களும், தைக்கக் கொடுக்கிறவர்களும் பொறுமையாக வாசியுங்கள். தையலோடு சம்பந்தமே இல்லாத வாப்பாமாரும் முதல் பாதியையாவது வாசியுங்கள்.

நிறம் சேர்ப்பதில் மிகக் கஷ்டமான நிறம் எது என்று கேட்டால் பலர் மெரூன் என்பார்கள், சிலர் மயில் பச்சை என்பார்கள். எனக்குக் கேட்டால் வெள்ளை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

போன வருடம் எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி இடைவேளை முடிந்தும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தாள். விசாரித்தால், பக்கத்தில் இருந்தவள் "உன்ட பர்தா ஊத்தை" என்று சொல்லிவிட்டாளாம். நான் போய்ப் பார்த்தேன். பர்தாவில் ஒரு புள்ளி அழுக்கு இல்லை. சவர்க்கார வாசம் கூட போகவில்லை. ஆனால் கவுன் ஒரு வெள்ளை, நீலம் கலந்த பளிச். லோங்ஸ் ஒரு வெள்ளை, பால் மாதிரி. பர்தா ஒரு வெள்ளை, தேங்காய்ப் பால் ஊற்றிய சோற்றின் நிறம். மூன்றும் ஒரு பிள்ளையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வந்ததால், நீல வெள்ளைக்குப் பக்கத்தில் இருந்த மஞ்சள் வெள்ளை ஊத்தையாகத் தெரிந்தது. அவ்வளவுதான் விசயம். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது அவ்வளவுதான் இல்லை.

உம்மாவிடம் பேசினேன். கவுனுக்கு இலவசத் துணி. லோங்ஸுக்கு கண்டியில் வாங்கியது. பர்தாவுக்கு ஒரு புடவைக்கடையில் மலிவாகக் கிடைத்த வெட்டுத் துண்டு. "கடையில வெச்சுப் பாக்கக்க மூணும் ஒண்டாத்தான் ஈந்திச்சி டீச்சர்" என்றார் அந்த உம்மா. அவர் சொன்னது உண்மை. கடையில் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். வெயிலுக்கு வந்த பிறகுதான் மூன்றாகியிருக்கும்.

அது எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

பருத்தியின் சொந்த நிறம் வெள்ளை அல்ல, லேசான மஞ்சள். வெளுக்கப் போட்ட பிறகும் அந்த மஞ்சளில் ஒரு சாயல் மிஞ்சும். அதை மறைக்கத்தான் நம் உம்மும்மாமார் கடைசித் தண்ணீரில் நீலம் போட்டார்கள். மஞ்சளும் நீலமும் எதிர் நிறங்கள். ஒன்றை ஒன்று அடக்கிவிடும். இப்போது ஆலைகள் வேறு ஒன்றைச் சேர்க்கின்றன. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி, அதை நீல வெளிச்சமாகத் திருப்பித் தருகிற ஒரு பொருள். சலவைத் தூள்கள் பலவற்றிலும் அதுதான் இருக்கிறது. துணி "பளிச்" என்று தெரிவது அதனால்தான். அந்தத் துணி தன் மேல் விழுந்த புற ஊதாக் கதிரையும் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமாக மாற்றித் தருகிறது.

சூரிய வெளிச்சத்தில் புற ஊதாக் கதிர் தாராளமாக உண்டு. கடையில் தொங்குகிற எல்.ஈ.டி. பல்ப்பில் அது இல்லை என்றே சொல்லலாம். அதனால் கடையில் அந்தப் பளிச் வேலை செய்யாது. மூன்று துணியும் ஒன்றாகத் தெரியும். மறுநாள் காலை அசெம்பிளிக்கு மைதானத்தில் நின்றால், பளிச் இருக்கிற துணி மின்னும், இல்லாத துணி மங்கும். இதில் கடைக்காரரும் ஏமாற்றவில்லை, உம்மாவும் கவனக்குறைவாக இருக்கவில்லை.

இதை வகுப்பில் சும்மா சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பிள்ளையின் வாப்பா கடை வைத்திருக்கிறார். கள்ள நோட்டுப் பார்க்கிற சின்ன ஊதா டோர்ச் ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கினேன். ஜன்னல்களைச் சாத்திவிட்டு எல்லாருடைய உடுப்பிலும் அடித்துப் பார்த்தோம். வகுப்பே ஒரு வேடிக்கை ஆகிவிட்டது. சிலருடைய கை நீலமாக மின்னியது, கழுத்து மின்னவில்லை. சிலருடைய பைக்கட் மட்டும் மின்னியது. என்னுடைய ஷோல் மின்னவே இல்லை. "ஊத்தை" என்று சொன்ன பிள்ளையின் லோங்ஸும் மின்னவில்லை. நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அந்த உம்மாவுக்குச் சொன்ன வழி சுலபமானது. மூன்று உடுப்பையும் எப்போதும் ஒரே பேசினில், ஒரே தூளில் ஊறப் போட வேண்டும். அந்தத் தூளில் இருக்கிற பளிச் மெல்ல மெல்ல மூன்றிலும் ஏறும். குளோரின் பிளீச் மட்டும் வேண்டாம். அது பளிச்சைத் தின்றுவிடும், பொலியெஸ்டர் கலந்த துணியை மஞ்சளாக்கவும் கூடும். நாலைந்து கழுவலில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம் ஆகிவிட்டன. ஊதா டோர்ச் அடித்தால் இன்னும் வித்தியாசம் தெரியும். ஆனால் ஸ்கூலுக்கு யாரும் டோர்ச் அடித்துக்கொண்டு வருவதில்லையே.

நமது நாட்டில் இலவசச் சீருடைத் துணி 1993ஆம் ஆண்டில் தொடங்கியது. இடையில் சில வருடங்கள் துணிக்குப் பதில் வவுச்சர் தந்தார்கள். 2025ஆம் ஆண்டுக்கான துணி முழுவதும் சீனாவின் அன்பளிப்பாக வந்தது. அது இல்லாவிட்டால் எத்தனை வீடுகள் கஷ்டப்படும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வருடமும் வருகிற துணி அதே ஆலையில் அதே விதமாக வெளுத்த துணியாக இருக்காது. போன வருடத்துச் சட்டைக்கு இந்த வருடத்துத் துணியில் கை நீட்டித் தைத்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அப்படி நீட்டித் தைக்கிற வீடுகள்தான் நம் ஊரில் கூட. ஆகவே ஒட்டுப் போடுவதானால், வெட்டுவதற்கு முன் புதுத் துணியை இரண்டு மூன்று முறை கழுவி வெயிலில் காய வையுங்கள். சுருங்குவதும் அதோடு முடிந்துவிடும். ஒட்டை நடுவில் வைக்காமல் ஒரு பட்டியாகவோ மடிப்பாகவோ மாற்றிவிட்டால் கண் அதை வடிவமாக எடுத்துக்கொள்ளும், ஒட்டாக எடுக்காது.

இனி வெளிச்சத்தைப் பற்றி.

கார்மென்ட்டில் வேலை செய்கிற என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். அங்கே துணி நிறம் பார்க்க ஒரு பெட்டி உண்டு என்று சொன்னாள். சாம்பல் நிறப் பெட்டி. அதற்குள் வேறு வேறு விளக்குகள். ஒன்று பகல் வெளிச்சம், ஒன்று கடை வெளிச்சம், ஒன்று பழைய குண்டு பல்ப்பின் மஞ்சள் வெளிச்சம். ஒவ்வொன்றாகப் போட்டு, எல்லாவற்றிலும் இரண்டு துண்டும் ஒத்து வந்தால்தான் அந்தத் துணி வெட்டுக்குப் போகும். வித்தியாசத்தை அளக்க 1 முதல் 5 வரை ஒரு சாம்பல் அளவுகோல் உண்டு. 5 என்றால் வித்தியாசமே இல்லை.

அந்தப் பெட்டியில் இருக்கிற "பகல் வெளிச்சம்" உச்சி வெயில் அல்ல. சுமார் 6500 கெல்வின் என்று கணக்கிடப்பட்ட, வானம் மூடிய பகலுக்குக் கிட்டிய வெளிச்சம். குண்டு பல்ப் சுமார் 2700 கெல்வின். அந்த எண் கூடக் கூட வெளிச்சம் நீலமாகும், குறையக் குறைய மஞ்சளாகும்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வானம் மூடிய பகல் வெளிச்சம் கடுகண்ணாவைக்காரருக்கு யார் விற்க வேண்டும்? வருடத்தில் பாதி நாள் நாம் அதற்குள்தானே இருக்கிறோம்! டோசன் கோபுரத்துப் பக்கம் மேகம் இறங்கி நிற்கிற ஒரு காலை, மழைக்கு முன் பத்து மணி, அதுதான் நிறம் பார்க்க மிக நல்ல நேரம். வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழும், கண் கூசாது, நிழல் விழாது. கம்பெனிக்காரர் காசு கொடுத்து வாங்குகிற பெட்டியை அல்லாஹ் நமக்கு இலவசமாகத் தந்திருக்கிறான். நாமோ துணியை டியூப் லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் வரும்போது "ஐயோ" என்கிறோம்.

கடையில் வாங்கும்போது "வாசலுக்குக் கொண்டு போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். இரவில் துணி வாங்க வேண்டியிருந்தால் மெச்சிங் வேலையை மட்டும் மறுநாளைக்கு வையுங்கள்.

நான் சொல்ல வந்ததில் முக்கியமான இடம் இனித்தான் வருகிறது.

நமக்குத் தெரிந்த ஒரு தாத்தா வீட்டில் தைக்கிறார். மகளிரின் கலியாண உடுப்பு, பெருநாள் உடுப்பு, ஹபாயா எல்லாம். குடும்பம் ஓடுவது அந்த மெசினில். ஒரு கலியாணத்துக்கு மெரூன் உடுப்புத் தைத்தார். உடுப்பு கொட்டன். மேலே வைக்க லேஸ் வேண்டும் என்று வீட்டுக்காரரே வாங்கிக் கொடுத்தார்கள். லேஸ் பொலியெஸ்டர். பகலில் வைத்துப் பார்த்தபோது நூல் பிடித்த மாதிரி ஒத்திருந்தது. இரவு ஹோலில், மஞ்சள் விளக்குகளுக்குக் கீழே, உடுப்பு செங்கல் நிறமாகவும் லேஸ் கத்தரிப்பூ நிறமாகவும் போய்விட்டது. போட்டோவில் இன்னும் மோசம். "நீங்க மாத்தி வெச்சிட்டீங்க" என்று சொல்லி, பேசிய கூலியில் பாதியைத்தான் கொடுத்தார்கள். அந்தத் தாத்தா வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் அப்படி ஆனது என்று அவருக்கே தெரியவில்லை. தெரியாததால் தன் மேல்தான் பிழை என்று நினைத்துவிட்டார்.

அது அவருடைய பிழை அல்ல. பருத்திக்கு ஏறுகிற சாயம் பொலியெஸ்டருக்கு ஏறாது. இரண்டுக்கும் வேறு வேறு சாயம். ஒரு வெளிச்சத்தில் இரண்டும் ஒரே மெரூனாகத் தெரியும்படி ஆலைக்காரர் கலந்திருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கிற சரக்கு வேறு. வெளிச்சம் மாறியதும் ஒன்று இந்தப் பக்கம் போகும், மற்றது அந்தப் பக்கம் போகும். கொட்டனும் லேஸும், சட்டினும் ஷிபோனும், துணியும் சிப்பும் பட்டனும், இவை எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஆகவே வேறு வகைத் துணிகளைச் சேர்க்கும்போது பகலிலும் பார்க்க வேண்டும், அந்த உடுப்பு எந்த வெளிச்சத்தில் உடுத்தப்படுமோ அந்த வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். இரவுக் கலியாணம் என்றால் வீட்டில் ஒரு மஞ்சள் பல்ப்பைப் போட்டுப் பார்த்தால் போதும்.

பக்கத்தில் இருக்கிற நிறமும் கண்ணை ஏமாற்றும். பாரிஸில் கோபலின் என்ற அரச நெசவுக்கூடம் ஒன்று உண்டு. 1824இல் அங்கே சாயப் பகுதிக்கு ஷெவ்ரூல் என்ற வேதியியலாளரைப் பொறுப்பாக வைத்தார்கள். கறுப்பு நூல் சரியில்லை, நிறம் செத்துக் கிடக்கிறது என்று அவருக்கு முறைப்பாடு வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தால் கறுப்பில் ஒரு பிழையும் இல்லை. அதை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால்தான் மங்கலாகத் தெரிந்தது. அதிலிருந்து ஒரு விதியையே கண்டுபிடித்து 1839இல் பெரிய நூலாக எழுதினார். 102 வயது வரை வாழ்ந்த மனிதர்.

அவருக்கு எண்ணூறு வருடங்களுக்கு முன்பே பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த நமது இப்னுல் ஹைதம் தன் கிதாபுல் மனாழிர் என்ற ஒளியியல் நூலில் இதைத் தொட்டிருக்கிறார். ஒரே வர்ணப் புள்ளி வெள்ளைத் தளத்தில் ஒரு மாதிரியும், கறுப்புத் தளத்தில் வேறு மாதிரியும் தெரியும் என்றும், விழுகிற வெளிச்சம் மாறினால் தெரிகிற நிறமும் மாறும் என்றும் அவர் கவனித்திருந்தார். கலாசாலையில் படித்த காலத்தில் அவர் பெயரை விஞ்ஞானப் பாடத்தில் மட்டும்தான் கேள்விப்பட்டேன். தையல் பாடத்திலும் அவர் பெயரைச் சொல்லலாம் என்று இப்போது தெரிகிறது.

இதில் நமக்கு என்ன பயன்? ஒரு பர்தாவையோ பைப்பிங்கையோ தனியாகக் கையில் பிடித்துப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். எந்தத் துணிக்குப் பக்கத்தில் வரப் போகிறதோ அதன் மேலேயே வைத்து, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள்.

மற்ற விசயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நூல் வாங்கும்போது: ரீலில் சுற்றியிருக்கும்போது நூல் கடுமையாகத் தெரியும். தைத்த பிறகு ஒற்றை நூல் வெளிறித் தெரியும். ஆகவே ஒரு முழம் இழுத்து, ஒற்றை நூலாகத் துணி மேல் போட்டுப் பாருங்கள். சரியான நிறம் கிடைக்காவிட்டால் ஒரு படி கடுமையானதை எடுங்கள், வெளிறியதை எடுக்காதீர்கள். கடுமையான நூல் தையலின் நிழலோடு சேர்ந்துவிடும். வெளிறிய நூல் கோடு போட்ட மாதிரி நிற்கும்.

துணி அளவு: ஒரு உடுப்புக்குத் தேவையானதை ஒரே ரோலில், ஒரே நாளில், கால் மீற்றர் கூட்டி வாங்குங்கள். ஆலையில் ஒரு தடவை கலக்கிய சாயத்துக்கும் அடுத்த தடவை கலக்கியதுக்கும் மயிரிழை வித்தியாசம் வரும். "அதே நிறம்தான், அடுத்த ரோல்" என்றால் இரண்டையும் வாசலுக்குக் கொண்டு போய்ப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

வெல்வெட், சட்டின்: ஒரே துணியே மேலிருந்து கீழ் ஒரு நிறம், கீழிருந்து மேல் வேறு நிறம். துணியை மிச்சம் பிடிக்க ஒரு துண்டைத் தலைகீழாக வெட்டினால் முடிந்தது. வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் சோக்கால் ஓர் அம்புக்குறி போடுங்கள்.

வாட்ஸ்அப் போட்டோ: போன் கெமரா தானாகவே நிறத்தைத் திருத்தும். கட்டாரில் இருந்து மாப்பிள்ளை அனுப்புகிற போட்டோவில் துணி பச்சை, பார்சலைத் திறந்தால் நீலம். அவரைக் குறை சொல்லாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண் ஆண்களுக்குத்தான் கூடுதல் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விரலளவு துண்டு ஒன்றை யாரிடமாவது கொடுத்து அனுப்பினால் சண்டை மிச்சம்.

வயதான கண்கள்: வயது போகப் போகக் கண்ணின் வில்லை மஞ்சளாகும். நேவி புளூவும் கறுப்பும், இரண்டு வெள்ளைகளும் பிரித்துத் தெரியாது. இஷாவுக்குப் பிறகு மெசினில் உட்காருகிற உம்மாமாருக்கு இது பெரிய தொல்லை. பகலில் ஒரு பிள்ளையை வைத்து, ஒவ்வொரு ரீலின் அடியிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் ஒரு பாடம்.

எல்லாம் செய்தும் நிறம் சேரவில்லை என்றால்? சேர்க்க முயல்வதை விட்டுவிடுங்கள். கிட்டத்தட்ட ஒத்துப்போகிற நிறம்தான் கண்ணுக்குப் பிழையாகத் தெரியும். தூரமாக இருக்கிற நிறம் அழகாகத் தெரியும். கண்டிக்குக் கிழக்கே ஹேனவல கிராமத்தில் நெய்கிற தும்பறைப் பாய்களைப் பாருங்கள். நாரின் இயற்கை நிறத்தில் தளம், அதன் மேல் சிவப்பும் கறுப்பும் மஞ்சளும். ஒன்றை ஒன்று ஒத்திருக்க முயலவே இல்லை. அதனால் எதுவும் பிழையாகத் தெரிவதும் இல்லை. மெரூன் உடுப்புக்கு மெரூன் லேஸ் கிடைக்காவிட்டால் பொன்னிறமோ கறுப்போ வையுங்கள். மயில் பச்சைக்கு அதே பச்சை ஷோல் தேடி மூன்று ஊர் அலைய வேண்டாம், சாம்பல் நிறம் ஒன்று வாங்குங்கள். ஸ்கூல் வெள்ளைக்கு மட்டும் இந்த வழி இல்லை. அதனால்தான் வெள்ளையைப் பற்றி இவ்வளவு எழுதினேன்.

கடைசியாக, தைக்கக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேஸையும் நூலையும் நீங்களே வாங்கிக் கொடுத்தால், அதன் நிறத்துக்கும் நீங்களே பொறுப்பு. தைக்கிற பெண்ணின் கூலியில் கை வைக்காதீர்கள். அவர் பிழைத்தது தையலில் என்றால் சொல்லுங்கள், அவிழ்த்துத் தைத்துத் தருவார். சாயத்துக்கும் விளக்குக்கும் அவர் என்ன செய்வார்?

தைக்கிறவர்களே, நீங்களும் ஒன்று செய்யுங்கள். துணியைக் கத்தரி வைப்பதற்கு முன், துணி, லேஸ், நூல், பட்டன் நான்கையும் ஒன்றாக வைத்து, கொண்டு வந்தவரையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போங்கள். "இதோ பாருங்க, இந்த வெளிச்சத்தில இப்படி. உள்ளுக்கு பல்ப்பில இப்படி. சம்மதமா?" என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் துண்டை வெட்டி, கொப்பியில் குத்தி, திகதியும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேச்சு வந்தால் அந்தக் கொப்பி பேசும்.

பிள்ளைகளுக்கு இலவசத் துணியில் மிச்சம் இருக்கிறவர்கள் எறிந்துவிடாதீர்கள். அதே வருடத்துத் துணி, அதே வெள்ளை. ஒரு பிள்ளையின் கைக்கு, கொலருக்கு, பைக்கட்டுக்கு அதுதான் சரியாகச் சேரும். என்னிடம் தந்தால் வருடம் எழுதி எடுத்து வைக்கிறேன். தேவைப்படுகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்.